ஜெர்மன் பள்ளி விடுமுறையும் அமெரிக்க சிடி விற்பனையும்

நேயர்களுக்கு வணக்கம்.

2002-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். ஜெர்மனியில் பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை. பள்ளி நாளென்றால் இரவு ஒன்பதரைக்குள் கணினியை அணைத்துவிட்டுப் படுத்துவிடும் ஒரு பதினைந்து வயதுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பள்ளி இல்லை என்பதால் பத்து மணி ஆகியும் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் முந்நூறு நானூறு பாட்டுகள் சேர்த்து வைத்திருக்கிறான். அதே நேரம் நியூயார்க்கில் மாலை நான்கு மணி. வகுப்பு முடிந்து விடுதி அறைக்கு வந்த ஒரு மாணவி, ஒரு பாட்டின் பெயரைத் தட்டித் தேடுகிறாள். பட்டியலில் அந்தப் பையனின் கணினியும் வருகிறது. சொடுக்குகிறாள். அட்லாண்டிக் கடலைத் தாண்டி மூன்று நான்கு மெகாபைட் அளவுள்ள அந்தப் பாட்டு சிறிது சிறிதாக இறங்குகிறது. அவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. தன் கணினியிலிருந்து ஒரு பாட்டு போயிருக்கிறது என்பதை அவன் கவனித்திருக்கவும் மாட்டான்.

அவன் கணினியை அணைக்காமல் விட்டதால் அமெரிக்காவில் ஒரு கடையில் விற்றிருக்க வேண்டிய ஒரு சிடி விற்காமல் போயிற்றா? இப்படி ஒரு கேள்வியை இரண்டு பொருளாதார அறிஞர்கள் கேட்டார்கள். ஒருவர் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஃபெலிக்ஸ் ஓபர்ஹோல்ட்சர்-கீ. மற்றவர் அப்போது வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்த கோல்மன் ஸ்ட்ரம்ப். அவர்களுக்குக் கிடைத்த பதிலைப் பற்றியும், அதன்மேல் எழுந்து இன்றுவரை முழுதாக அடங்காத சண்டையைப் பற்றியும் சொல்லத்தான் வந்திருக்கிறேன். வகுப்பறையில் புள்ளியியல் பாடம் நடத்தியே காலம் கழித்தவன் நான். இந்த ஆய்வைப் போல என் மாணவர்களை நிமிர்ந்து உட்கார வைத்த உதாரணம் வேறொன்று இல்லை.

முதலில் பின்னணி. 1999-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாப்ஸ்டர் வந்தது. பாஸ்டன் நகரில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட ஷான் ஃபேனிங் என்ற இளைஞர் எழுதிய மென்பொருள் அது. அவரவர் கணினியில் இருக்கும் பாட்டுகளை அவரவர் திறந்து வைக்க, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். பாட்டு எந்த ஒரு மைய இடத்திலும் இருக்காது, எந்தக் கணினியில் எது இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரிடம் இருக்கும். அந்த டிசம்பரிலேயே இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது. நின்றால் என்ன? அதேபோல் பத்து முளைத்தன.

அமெரிக்காவில் ஒலிப்பதிவு இசையின் வருமானம் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டதும் அதே 1999-இல்தான், சுமார் 1,460 கோடி டாலர். 2000-ஆம் ஆண்டில் அங்கே 94 கோடி சிடிக்கள் கடைகளுக்குப் போயின. 2002-இல் அது 80 கோடியாக இறங்கிவிட்டது. இரண்டே ஆண்டில் 14 கோடி குறைவு. ஒருபுறம் நாப்ஸ்டர் வந்தது, மறுபுறம் விற்பனை சரிந்தது. இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் அதிக நேரம் பிடிக்கவில்லை. திருட்டு டவுன்லோடுதான் எங்களைச் சாய்த்தது என்றன இசை நிறுவனங்கள்.

இந்த இடத்தில் ஒரு கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாட்டுப் பதிந்து தரும் கடை ஒன்று இருந்தது. கோடு போட்ட தாளில் வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்து, காலி கேசட்டுக்கும் பதிவுக்கும் பணம் கட்டிவிட்டு வந்தால் நாலைந்து நாளில் கிடைக்கும். அறுபது நிமிடக் கேசட். பக்கத்துக்கு ஆறு பாட்டு பிடிக்கும். நேரக் கணக்கு தப்பினால் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவிலேயே அறுந்துபோகும். உறையின் உள்பக்கம் கடைக்காரரே சிவப்பு மையில் பாட்டுகளின் முதல் வரியை எழுதிக் கொடுப்பார். என் முதல் கேசட்டில் பன்னிரண்டு பாட்டுகள், பன்னிரண்டும் வேறு வேறு படங்கள். அந்தக் கடை இல்லாமல் இருந்திருந்தால் நான் பன்னிரண்டு இசைத்தட்டுகளை வாங்கியிருப்பேனா? எங்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயரே கிடையாது. என்னால் எந்த நிறுவனத்துக்கும் ஒரு காசு நஷ்டம் இல்லை. ஆனால் என் அறைத்தோழன் கதை வேறு. அவன் வீட்டில் பிளேயர் இருந்தது. மாதம் ஒரு தட்டாவது வாங்குவான். அந்தக் கடை வந்த பிறகு அவன் தட்டு வாங்குவதை அறவே விட்டுவிட்டான்.

நாங்கள் இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம். ஒருவனால் நஷ்டம், மற்றவனால் இல்லை. ஆக, எத்தனை பாட்டு நகலெடுக்கப்பட்டது என்று எண்ணினால் போதாது. நகல் கிடைக்காமல் போயிருந்தால் அதில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்பதுதான் கணக்கு. நடக்காமல் போன ஒன்றை எப்படி எண்ணுவது? பொருளாதாரத்தில் இதைவிடக் கடினமான வேலை இல்லை.

சரி, எந்த ஆல்பம் அதிகமாக டவுன்லோடு ஆகிறதோ அதன் விற்பனை குறைகிறதா என்று பார்த்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். பார்த்தால் தலைகீழாக இருக்கும். அதிகம் டவுன்லோடு ஆகும் ஆல்பம்தான் அதிகம் விற்கவும் செய்யும், ஏனென்றால் அது எல்லோருக்கும் பிடித்த ஆல்பம். பிடித்தவர்களில் சிலர் வாங்குகிறார்கள், சிலர் இறக்கிக்கொள்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு டவுன்லோடு செய்தால் விற்பனை கூடும் என்று முடிவு கட்ட முடியுமா?

கிராமத்து நேயர்களுக்கு இது உடனே விளங்கும். என் கிணறு வற்றுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டார் போட்டு இறைப்பதால்தான் என்று நான் சொல்கிறேன். மழை இல்லை, எல்லாக் கிணறும்தான் வற்றுகிறது என்கிறார் அவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் மழை இல்லாத நாளில்தான் அவரும் அதிகம் இறைப்பார். எப்படித் தீர்ப்பது? அவர் தோட்டத்துக்கு வரும் லைனில் மட்டும் ஏதோ பழுது, மூன்று நாள் கரண்ட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழுதுக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை, என் கிணற்றுக்கும் சம்பந்தமில்லை. அது அவர் மோட்டாரை மட்டும் நிறுத்துகிறது. அந்த மூன்று நாளில் என் கிணற்றில் நீர் ஏறினால் அவர் மோட்டார்தான் காரணம். ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். வெளியிலிருந்து வந்து ஒன்றை மட்டும் அசைத்துவிட்டுப் போகும் இப்படிப்பட்ட சங்கதியைப் பொருளாதார அளவியலில் கருவி மாறி என்கிறார்கள். நல்ல கருவி மாறி கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஓபர்ஹோல்ட்சர்-கீயும் ஸ்ட்ரம்பும் கண்டுபிடித்த லைன் பழுதுதான் ஜெர்மன் பள்ளி விடுமுறை.

அமெரிக்கர்கள் இறக்கிய பாட்டுகளில் ஏறக்குறைய ஆறில் ஒன்று ஜெர்மனியில் இருந்த கணினிகளிலிருந்து வந்தது. ஜெர்மனியில் 16 மாநிலங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விடுமுறை விடுவதில்லை, ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வாரத்தில் விடும். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கணினிகள் ஓடும், பகிரப்படும் பாட்டுகள் கூடும், அமெரிக்காவில் இருப்பவருக்குத் தேடியது சீக்கிரம் கிடைக்கும், பாதியில் அறுந்துபோவது குறையும். அதாவது அமெரிக்காவில் டவுன்லோடு கூடும். ஆனால் பவேரியாவில் பள்ளிக்கு விடுமுறை விட்டதால் ஓஹையோவில் ஒருவர் சிடி வாங்கக் கடைக்குப் போவதோ போகாமல் இருப்பதோ கிடையாது. டவுன்லோடு என்ற ஒரே வழியாகத்தான் அந்த விடுமுறை விற்பனையைத் தொட முடியும்.

இந்த யோசனையை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பெரிய தொழிலின் தலையெழுத்தைப் பற்றிய கேள்விக்கு எங்கோ ஒரு பள்ளி நாட்காட்டியில் விடை இருக்கலாம் என்று நினைக்க ஒரு தனி மனம் வேண்டும்.

அந்த மனம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஓபர்ஹோல்ட்சர்-கீ சுவிட்சர்லாந்துக்காரர். அதற்கு முன்பு புரூனோ ஃபிரே என்ற பேராசிரியரோடு சேர்ந்து அவர் செய்த ஓர் ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். அணுக்கழிவைப் புதைக்க உங்கள் ஊரில் இடம் தருவீர்களா என்று சுவிஸ் கிராமத்து மக்களைக் கேட்டார்கள். பாதிப் பேர் சம்மதித்தார்கள். பணமும் தருகிறோம் என்று சொல்லிக் கேட்டபோது சம்மதித்தவர்கள் கால்வாசியாகக் குறைந்துவிட்டார்கள். பணம் கொடுத்தால் சம்மதம் கூடும் என்ற பாடப்புத்தகத்து வாக்கியம் அந்த ஊரில் எடுபடவில்லை. ஸ்ட்ரம்ப், சட்டவிரோதமாகப் பந்தயம் பிடிப்பவர்களின் கணக்கு வழக்குகளை ஆராய்ந்தவர். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வியாபாரத்தின் பதிவேட்டைத் தேடிப் பிடிப்பது அவருக்குப் பழகிய வேலை.

இந்த ஆய்விலும் அப்படியே. அதுவரை வந்தவை பெரும்பாலும், நீங்கள் டவுன்லோடு செய்வீர்களா என்று ஆட்களைக் கேட்டு எழுதிய கருத்துக்கணிப்புகள். இவர்களோ நாப்ஸ்டர் பாணியில் ஓடிய ஓப்பன்நாப் என்ற வலையமைப்பின் சர்வர் பதிவேடுகளையே பெற்றுவிட்டார்கள். 2002-ஆம் ஆண்டின் கடைசி 17 வாரங்கள். அதில் 17.5 லட்சம் டவுன்லோடுகள். அவற்றோடு 680 ஆல்பங்களின் வாராந்திர அமெரிக்க விற்பனையைப் பொருத்திப் பார்த்தார்கள்.

2004 மார்ச்சில் வரைவு வெளிவந்தது. டவுன்லோடுகளால் விற்பனைக்கு ஏற்பட்ட விளைவைப் பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பது முடிவு. மிக மோசமாகக் கணக்குப் போட்டாலும் ஒரு ஆல்பம் விற்காமல் போக 5,000 டவுன்லோடு தேவைப்படும் என்று அந்த வரைவு சொன்னது. அப்படிப் பார்த்தால் 2002-இல் டவுன்லோடால் போனது 20 லட்சம் சிடிதான். ஆனால் விற்பனை குறைந்ததோ 14 கோடி.

நேரத்தைக் கவனியுங்கள். அதற்கு ஆறு மாதம் முன்புதான், 2003 செப்டம்பரில், அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் சாதாரண மக்கள் 261 பேர்மீது ஒரே நாளில் வழக்குப் போட்டிருந்தது. அதில் சிக்கியவர்களில் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. அவளுடைய குடும்பம் 2,000 டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. பிறகு வழக்குகள் ஆயிரக்கணக்கில் பெருகின. மினசோட்டா மாநிலத்துப் பெண் ஒருவருக்கு 24 பாட்டுகளுக்காக 2,22,000 டாலர் அபராதம். ஒரு பாட்டுக்கு 9,250 டாலர். இப்படிக் குடும்பங்களைக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்த வேளையில், நஷ்டமே கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஹார்வர்டிலிருந்து ஒரு குரல் வந்தால் என்ன ஆகும்? பத்திரிகைகள் கொண்டாடின. டவுன்லோடு செய்தவர்கள் கொண்டாடினார்கள். தொழில் சங்கம் கொதித்தது.

கொண்டாட்டத்தில் ஒரு சொல் காணாமல் போனது. பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டார்கள்.

மறுபடியும் கிணற்றுக்கு வருகிறேன். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு நீர்மட்டத்தை அளக்கிறோம். பக்கத்துத் தோட்டத்தில் கரண்ட் நின்ற நாளில் முடிச்சு மாறவில்லை. நீர் ஏறவே இல்லை என்று சொல்லலாமா? நாலு விரற்கடை ஏறியிருக்கலாம். அது தெரிய நம் கயிற்றில் முடிச்சு இல்லை. கரண்ட் மூன்று நாள் நின்றதா, அரைமணி நேரம் நின்றதா என்பதும் முக்கியம். அரைமணி நேர நிறுத்தத்தில் கிணறு என்ன பேசிவிடும்? தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் புரியவைக்கத்தான் புள்ளியியல் வாத்தியார்கள் சம்பளம் வாங்குகிறோம்.

ஜெர்மன் விடுமுறை எவ்வளவு நீளமான நிறுத்தம்? எனக்கே இதில் சந்தேகங்கள் உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஒன்பது மணி என்றால் ஜெர்மனியில் விடியற்காலை மூன்று. மேற்குக் கரை இன்னும் மூன்று மணி நேரம் பின்னால். அமெரிக்கர்கள் மும்முரமாக இறக்கும் நேரத்தில் ஜெர்மன் பையன் விடுமுறையிலும் தூங்கிக்கொண்டுதான் இருப்பான். இரவெல்லாம் கணினியை ஓடவிட்டால்தான் கணக்கு நிற்கும். ஒரு வாரத்தில் சில மாநிலங்களில் மட்டும்தான் விடுமுறை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, பிரபலமான பாட்டென்றால் அமெரிக்காவிலேயே ஆயிரம் கணினிகளில் கிடைக்கும்.

இந்த ஆய்வை விடாமல் எதிர்த்தவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் இருந்த ஸ்டான் லீபோவிட்ஸ். இவரை இசை நிறுவனங்களின் ஆள் என்று ஒதுக்கிவிட முடியாது. 1985-லேயே ஜெராக்ஸ் இயந்திரம் ஆய்விதழ் வியாபாரத்தைக் கெடுக்கவில்லை என்று எழுதியவர் அவர். நூலகத்தில் ஒரு பிரதியைப் பலர் நகலெடுப்பதால் அந்தப் பிரதியின் மதிப்புக் கூடுகிறது, பதிப்பாளர் நூலகத்துக்குக் கூடுதல் விலை வைத்து ஈடுகட்டிக்கொள்கிறார் என்பது அவர் காட்டிய நுட்பம். 2002-இல்கூட, கோப்புப் பகிர்வால், அதாவது இப்படிக் கணினிக்குக் கணினி பாட்டு எடுத்துக்கொள்வதால், பெரிய சேதம் என்ற பேச்சை அவர் நம்பவில்லை. பிறகு விற்பனைக் கணக்குகளைப் பார்த்து மனத்தை மாற்றிக்கொண்டார். சரிவுக்குச் சொல்லப்படும் மற்ற காரணங்களை, அதாவது பொருளாதார மந்தம், டிவிடி, வீடியோ விளையாட்டு, பழைய தட்டுகளைச் சிடியாக மாற்றி வாங்கும் காலம் முடிந்தது என்பவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதுவும் இவ்வளவு பெரிய பள்ளத்தை நிரப்பாது என்றார். சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்காமல் கணக்கு மாறினால் கருத்தையும் மாற்றிக்கொள்பவரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஓபர்ஹோல்ட்சர்-கீ, ஸ்ட்ரம்ப் கட்டுரை 2007 பிப்ரவரியில், பொருளாதார உலகின் மிக உயர்ந்த ஆய்விதழ்களில் ஒன்றான ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமியில் அச்சானது. விளைவைப் பூஜ்யத்திலிருந்து பிரிக்க முடியவில்லை என்ற முடிவு அப்படியே இருந்தது. விற்பனைச் சரிவுக்குக் கோப்புப் பகிர்வுதான் முதன்மைக் காரணம் என்ற வாதத்தோடு எங்கள் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று கட்டுரையின் சுருக்கம் நிதானமாகச் சொல்கிறது. முதன்மைக் காரணம் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள்.

ஆனால் அந்த 17.5 லட்சம் டவுன்லோடுகளின் பதிவேடு மற்ற ஆய்வாளர்கள் கையில் கிடைக்கவில்லை. லீபோவிட்ஸ் கேட்டுப் பார்த்தும் பெற முடியவில்லை. 2016-இல்கூட, இந்தக் கட்டுரையை ஏன் நம்ப முடியாது என்று ஒரு நீண்ட கண்டனம் எழுதினார். பொதுவில் கிடைக்கும் தரவுகளை வைத்துக்கொண்டு, விடுமுறைக் கணக்கின் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்கப் பார்த்தார். இதில் என் மனம் லீபோவிட்ஸ் பக்கம்தான். சர்வர் நடத்தியவர்களுக்குக் கொடுத்த வாக்கு, பயனர்களின் அந்தரங்கம் என்று பல நியாயங்கள் இருக்கலாம். ஆனாலும் நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றங்களிலும் மேற்கோள் காட்டப்படும் ஒரு கணக்கை வேறு ஒருவர் உட்கார்ந்து திரும்பப் போட்டுப் பார்க்க வழி இருக்க வேண்டும். என் மாணவர்களிடம் விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது, வழிமுறை வேண்டும் என்பேன். பெரியவர்களுக்கும் அதே விதிதான்.

சரி, மற்றவர்கள் என்ன கண்டார்கள்?

எனக்கு மிகவும் பிடித்தது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரஃபேல் ராப், ஜோயல் வால்ட்ஃபோகல் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. சர்வரும் இல்லை, ஜெர்மனியும் இல்லை. கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து ஒவ்வொரு ஆல்பமாகக் கேட்டார்கள்: இதை வாங்கினாயா, இறக்கினாயா, இதற்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுத்திருப்பாய்? விடைகள் என் கேசட்டையும் என் அறைத்தோழனையும் அப்படியே நினைவூட்டின. ஐந்து ஆல்பம் இறக்கினால் ஏறக்குறைய ஒரு ஆல்பம் வாங்குவது நின்றது. மற்ற நான்கும் எப்படியும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று, என் அப்பனுக்கொன்று என்பார்களே, அந்த ரகம். 1999 முதல் 2003 வரை வந்த பிரபலமான ஆல்பங்களுக்காக ஒரு மாணவர் செலவழித்தது 126 டாலரிலிருந்து 100 டாலராகக் குறைந்தது. அதே நேரம் மாணவருக்குக் கிடைத்த பயன், பணத்தில் மதிப்பிட்டால், 70 டாலர் கூடியது. நிறுவனம் இழந்தது 26, கேட்டவர் பெற்றது 70.

அலெஹாந்த்ரோ ஸென்ட்னர் ஐரோப்பியர்களின் தரவுகளை எடுத்துக்கொண்டார். கோப்புப் பகிர்வில் இருப்பவர் இசைக்குக் காசு கொடுத்து வாங்கும் வாய்ப்பு 30 சதவீதம் குறைகிறது என்று கண்டார். 2010-இல் ஓபர்ஹோல்ட்சர்-கீயும் ஸ்ட்ரம்பும் மற்றவர்களின் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, சரிவில் 20 சதவீதத்துக்கு மேல் டவுன்லோடின் தலையில் கட்ட முடியாது என்று எழுதினார்கள். மொத்தச் சரிவுக்கும் அதுவேதான் காரணம் என்ற நிலையில் லீபோவிட்ஸ் நின்றார். இரண்டு கரையையும் பல ஆண்டுகள் படித்த பிறகு நான் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். நஷ்டம் உண்மை. ஆனால் இறக்கிய பாட்டையெல்லாம் எண்ணி, ஒவ்வொன்றையும் விற்காமல் போன தட்டு என்று கோர்ட்டில் காட்டிய கணக்கு உண்மையில்லை. ஜெர்மன் விடுமுறை அழகான கருவிதான். அதன்மேல் ஏற்றிய பாரம் அது தாங்கக்கூடியதைவிட அதிகம்.

வானொலியில் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே குற்றச்சாட்டில் ஒரு காலத்தில் கூண்டில் நின்றது வானொலிதான். அமெரிக்காவில் 1921-இல் இசைத்தட்டு விற்பனை 10 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 1933-இல் 60 லட்சம் டாலர் அளவுக்கு விழுந்தது. பொத்தானைத் திருகினால் இலவசமாகப் பாட்டு வரும்போது தட்டை யார் வாங்குவார்கள் என்றார்கள். இடையில் 1929-இன் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்ததால் எது வானொலியால், எது பஞ்சத்தால் என்று பிரிப்பது அன்றும் பெரும்பாடாக இருந்தது. மழையா மோட்டாரா என்ற அதே வழக்கு. அதே வானொலியில் தம் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று பின்னாளில் நிறுவனங்களே வரிசையில் நின்றன.

நஷ்டம் யாருக்கு என்பதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் நெஞ்சில் நிற்கிறது. ஜூலி மார்ட்டிமர், கிறிஸ் நாஸ்கோ, ஆலன் சோரன்சன் மூவரும் இசைக் கச்சேரிகளின் வருமானத்தை ஆராய்ந்தார்கள். கோப்புப் பகிர்வு வந்த பிறகு தட்டு விற்பனை குறைந்தது, ஆனால் அதிகம் அறியப்படாத கலைஞர்களின் மேடை வருமானம் கூடியது. ஓசியில் கேட்டவர்கள் டிக்கெட் வாங்கி நேரில் கேட்க வந்தார்கள். பெரிய நட்சத்திரங்களுக்கு இதனால் பெரிய மாற்றமில்லை. நல்லது. ஆனால் மேடையே ஏறாதவர்கள்? பாட்டு எழுதிக் கொடுப்பவர், மெட்டுப் போட்டுக் கொடுப்பவர், பதிவுக்கூடத்தில் வாசித்துவிட்டுப் போகிறவர், ஒலிப்பதிவுப் பொறியாளர். தட்டு விற்றால் உரிமைத்தொகை, விற்காவிட்டால் ஒன்றுமில்லை என்று இருந்த பாடலாசிரியருக்கு எந்த ஊரிலும் கச்சேரி கிடையாது. ஐந்தில் ஒரு பங்கு நஷ்டம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு பங்கு இவர்கள் வீட்டில் அரிசியாகவும் வாடகையாகவும் இருந்தது.

வால்ட்ஃபோகல் இந்த விஷயத்தை அதோடு விடவில்லை. நிறுவனத்துக்கு எவ்வளவு போனது என்பதைவிட, நல்ல பாட்டு வருவது நின்றுவிட்டதா என்பதல்லவா சமூகம் கேட்க வேண்டியது என்றார். காப்புரிமை என்ற சட்டமே அதற்குத்தானே? 2012-இல் வந்த அவருடைய ஆய்வு, விமர்சகர்கள் பின்னாளில் தொகுத்த சிறந்த ஆல்பப் பட்டியல்களை எடுத்துக்கொண்டு, எந்த ஆண்டில் வந்தவை எத்தனை இடம் பிடித்திருக்கின்றன என்று எண்ணியது. வானொலி ஒலிபரப்பையும் விற்பனையையும் வைத்து, எந்த ஆண்டின் பாட்டுகளைப் பழையதான பின்பும் மக்கள் கேட்கிறார்கள் என்று அளந்தது. நாப்ஸ்டருக்குப் பிறகு தரம் குறைந்ததற்கான அடையாளம் இல்லை. எண்ணிக்கையும் குறையவில்லை. அமெரிக்காவில் 2000-இல் சுமார் 35,000 புதிய ஆல்பங்கள் வந்தன, 2007-இல் கிட்டத்தட்ட 80,000. வருமானம் இறங்கிக்கொண்டே போனது, பாட்டு பெருகிக்கொண்டே வந்தது. கணினியிலேயே பதிவு செய்யும் வசதி வந்து தயாரிப்புச் செலவு அடியோடு குறைந்தது இதற்கு ஒரு காரணம். ஒரே காலத்தில் வந்த தொழில்நுட்பம் விற்பவருடைய வருமானத்தைக் குறைத்தது, படைப்பவருடைய செலவையும் குறைத்தது.

2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்க ஆரம்பித்தது. 2008-இல் ஸ்வீடனில் ஸ்பாட்டிஃபை வந்தது. அந்த ஆண்டின் முடிவில் தொழில் சங்கம் தனிமனிதர்கள்மீது புதிதாக வழக்குப் போடுவதை நிறுத்திக்கொண்டது. அமெரிக்க இசை வருமானம் 2014 வாக்கில் 700 கோடி டாலருக்கும் கீழே இறங்கி, பிறகு சந்தாப் பணத்தில் மெல்ல ஏறத் தொடங்கியது. பணம் வாங்காமல் கிடைத்த வசதியைப் பணம் வாங்கிக்கொண்டும் கொடுத்தால் ஏராளமானோர் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள்.

அந்தச் சிவப்பு மை கேசட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. நாடா ஒட்டிக்கொண்டு ஓடாது. அதன் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு, இரண்டாவது சரணத்தின் மூன்றாம் வரியில் அறுந்துபோகும். பல ஆண்டு அந்த வரி வரைதான் எனக்கு அந்தப் பாட்டு. வேலைக்குச் சேர்ந்து, தவணையில் ஒரு சிடி பிளேயர் வாங்கிய வாரம், கடைக்குப் போய் முதலில் கேட்டு வாங்கியது அந்தப் படத்தின் சிடியைத்தான். அன்று இரவு அந்த மூன்றாம் வரியைத் தாண்டி மீதியைக் கேட்டேன்.

கேட்டமைக்கு நன்றி. வணக்கம்.